பஞ்சாலை நின்ற இடம்

மாயாண்டி போகாத கல்யாணம் மூணாங்கட்டைத் தோட்டத்தில் ஒன்றுகூடக் கிடையாது. அவன் கண்ணால் பார்த்த கல்யாணமும் ஒன்றுகூடக் கிடையாது. இதை யாரிடமாவது சொல்லிச் சிரிக்காவிட்டால் அவன் மனைவி முத்தாயிக்குச் சோறு இறங்காது. அவர்களுடைய கல்யாணத்தையே எடுத்துக்கொள்ளுங்களேன். தாலி கட்டுகிற நேரம் பார்த்து வெளியே குழாய் ஒலிபெருக்கி கீச்சென்று கத்த, மாப்பிள்ளையின் கை தாலியில் இருந்தாலும் கழுத்து வாசல் பக்கம் திரும்பிவிட்டது. “என் மூஞ்சியப் பாக்காமலே முடிச்சுப் போட்ட ஆளு இவரு” என்பாள் முத்தாயி. மாயாண்டி மறுத்துப் பேசமாட்டான். நடந்தது அதுதான்.

பகலில் அவன் ரப்பர் ஆலையில் உருளை இயந்திரம் ஓட்டுகிறவன். மற்ற நேரமெல்லாம் மைக்செட் மாயாண்டி. புக்கிட் பெலண்டோக்கைத் தாண்டி லிங்கிக்குப் போகிற சாலையிலும், அந்தப் பக்கம் சுவா வரைக்கும், திருவிழாவானாலும் காதுகுத்தானாலும் அவன் செட்டுதான் பாடும். கோயில் மண்டபத்துக்கு வெளியே பலாமரத்தடியில் மேசையைப் போட்டு, ஆம்ப்ளிஃபையரை வைத்து உட்கார்ந்துவிடுவான். அங்கிருந்து பார்த்தால் சுவர்தான் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் மணவறை.

ஆனால் அவன் கண்ணை மூடிக்கொண்டால் சுவர் போய்விடும். முன்வரிசை நாற்காலியில் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் இருமல். இடது மூலையில் நாயனக்காரர் சீவாளியைச் சரிபார்க்கும் பீப்பி. வலது பின்பக்கம் அடுப்படிக் கதவருகே பெரிய அண்டாவில் கரண்டி உரசும் சத்தம். வாசலில் யாரோ தன் சிலிப்பரைத் தேடிக் காலால் துழாவுகிறான். எல்லாம் அதது இருக்கிற இடத்திலிருந்து மெல்ல எழும்பி வந்து, பலாமரத்தடியில் அரைத்தூக்கத்தில் இருக்கிறவனைச் சுற்றி உட்காரும். அந்த நேரத்தில் அவனைக் கூப்பிட்டால் கோபம் வரும். நல்ல மனிதன்தான், இதில் மட்டும் கொஞ்சம் கிறுக்கு.

அந்தக் கிறுக்குக்குத் தீனி போட ஒரு மெஷின் வந்து சேர்ந்தது. போர்ட்டிக்சன் கடற்கரை ஓட்டலில் பாடிக்கொண்டிருந்த ஒரு பேண்டு செட்டு ஆளுக்கொரு திசையாகப் பிரிந்தபோது, அவர்கள் வைத்திருந்த ரெக்கார்டரை மாயாண்டி இரண்டு குழாய் ஒலிபெருக்கிகளைக் கொடுத்து மாற்றிக்கொண்டான். நாலு மைக்கை அதில் செருகலாம். நாலும் ஒரே கேசட்டில் தனித்தனிக் கோடாக ஏறும். பிறகு உட்கார்ந்து, நாலு பொத்தான்களை மேலும் கீழும் தள்ளி, எது எவ்வளவு கேட்கவேண்டும் என்று முடிவுசெய்து, சாதாரண கேசட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். கூடவே இரண்டு காதையும் முழுசாக மூடுகிற பெரிய ஹெட்போன் ஒன்றும் வந்தது. அதை மாட்டிக்கொண்டு அவன் லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, இந்த மனுசனுக்கு என்ன ஆச்சு என்று வெளியே கேட்காமல் உள்ளுக்குள் கேட்டுக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

அடுத்த வீட்டுப் பஞ்சாலை வெளியேயே கேட்டாள். “மாயாண்டி, அது என்னா காதுல ரெண்டு தேங்கா மூடி?”

பஞ்சாலையைப் பற்றிச் சொல்லவேண்டும். அவள் புருஷன் முனியாண்டி தோட்டத்து லோரி ஓட்டியவன், மகள் பரமேஸ்வரி கைக்குழந்தையாக இருந்தபோதே காய்ச்சலில் போய்விட்டான். அதற்குப் பிறகு அவள் தனியாக ரப்பர் பால் வெட்டியே மகளை வளர்த்தாள். வாய் கொஞ்சம் நீளம், உதவுகிற கை அதைவிட நீளம். யார் வீட்டில் என்ன வேலை என்றாலும் முதலில் வந்து நிற்பாள். மகளுக்கு லிங்கியில் மாப்பிள்ளை அமைந்தது. ஆனி மாதத்தில் முகூர்த்தம் குறித்து, பத்திரிகையும் கொடுத்தாகிவிட்டது.

அப்போதுதான் ஒரு மழை ஓய்ந்த காலையில் மேட்டு மர நிரையிலிருந்து பால் வாளிகளோடு இறங்கியவள் சறுக்கி விழுந்தாள். தொடை எலும்பு முறிந்துவிட்டது. சிரம்பான் ஆஸ்பத்திரியில் காலைக் கயிறு கட்டித் தூக்கி, மறு முனையில் எடையைத் தொங்கவிட்டுப் படுக்க வைத்துவிட்டார்கள். எலும்பு கூடும்வரை அசையக்கூடாது. கல்யாணத்தைத் தள்ளிப் போடலாம் என்று எல்லாரும் சொல்ல, அவள் ஒரே பிடியாக மறுத்தாள். ஆனி போனால் ஆடி. ஆடியில் யார் கல்யாணம் வைப்பார்கள்? தன் அண்ணனும் அண்ணியும் தாரை வார்த்துக் கொடுக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு, பார்க்கப் போன மாயாண்டியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“தம்பி, ஒன் மெஷின்ல அதைப் புடிச்சிக் கொண்டாந்து குடு. சும்மா ரேடியோ மாதிரி வேணாம். நான் அங்க இருந்த மாதிரி இருக்கணும்.”

அவள் யாரிடமும் எதுவும் கேட்டுப் பழகியவள் அல்ல. மாயாண்டி தலையை ஆட்டினான். பஸ்ஸில் திரும்பும்போதே எந்த மைக்கை எங்கே கட்டுவது என்று விரலால் தொடையில் வரைந்துகொண்டு வந்தான்.

கல்யாணத்தன்று ஒரு மைக்கை மணவறை வாழைமரத்தில், மணப்பெண் உட்காரும் பக்கம் கட்டினான். ஒன்று நாயனமும் தவிலும் இருக்கும் மூலையில். ஒன்று அடுப்படிக் கதவின் மேல். ஒன்று வாசலில், சிலிப்பர்கள் கிடக்கும் இடத்தில். வழக்கம்போல அவன் பலாமரத்தடியில். வழக்கம்போல எதையும் பார்க்கவில்லை. மாலையும் கழுத்துமாகப் பெண்ணும் மாப்பிள்ளையும் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் ஆசி வாங்கினார்கள். பிறகு போட்டோக்களும் போயின. பஞ்சாலை அவற்றைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். ஆனால் அடிக்கடி எடுத்துப் பார்ப்பதில்லை என்று பரமேஸ்வரி சொன்னாள். எல்லாரும் வரிசையாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். தான் மட்டும் அதில் இல்லை என்பது பார்க்கப் பார்க்க நன்றாகத் தெரிகிறதாம்.

மாயாண்டி வேலையை ஆரம்பித்தான். ஆலை விட்டு வந்து குளித்துவிட்டு, வெயில் சாயும் நேரத்தில் மெஷின் முன்னால் உட்காருவான். சோதித்துப் பார்க்க ஒரு காது வேண்டும், அது முத்தாயியுடையது. அவள் பெஞ்சில் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டி, கண்ணை மூடி, எந்தச் சத்தம் எந்தப் பக்கம் வருகிறது என்று விரலை நீட்டிக் காட்டவேண்டும்.

முதலில் நாலையும் ஒரே அளவில் வைத்தான். முத்தாயி விரலை நீட்டவே இல்லை. தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். “எல்லாரும் என் மண்டைக்குள்ள இருக்காங்க. தவுலு இங்கன, புருவத்துக்கு நடுவுல.”

அடுத்த நாள் தவிலை முழுக்க இடது காதுக்கும், அடுப்படியை முழுக்க வலது காதுக்கும் தள்ளினான். “இப்ப ரெண்டு காதுலயும் ரெண்டு பேரு தனித்தனியா கத்துறாங்க. நடுவுல யாருமே இல்ல. கல்யாணமா, பங்காளிச் சண்டையா?” என்றாள்.

அவன் யோசித்துக்கொண்டே ரப்பர் மரங்களுக்குள் நடந்தான். எங்கோ இடது பக்கம் ஒரு மோட்டார் போனது. ஒரு காதை மூடிப் பார்த்தான், திறந்து பார்த்தான். இடப்பக்கச் சத்தம் இடது காதோடு நின்றுவிடுவதில்லை. வலது காதுக்கும் கொஞ்சம் சுற்றிக்கொண்டு வருகிறது, மெல்லியதாக, ஒரு துளி பிந்தி. முதுகுக்குப் பின்னால் யாராவது பேசினால் பேச்சின் கூர்மை மழுங்கித்தான் வருகிறது. பிறந்ததிலிருந்து இந்தக் காதுகளைத்தான் வைத்திருக்கிறோம், இதைக் கவனிக்கவே இல்லையே என்று நினைத்தபோது அவனுக்குச் சிரிப்பு வந்தது. காய்ந்த இலைகள்மேல் தன் காலடிச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக்கொண்டே வெகுநேரம் நடந்தான். பொழுது சாய்ந்து மரங்களின் நடுவே நீலம் பூத்தது. வீட்டுக்கு வர மனமே இல்லை.

திரும்பி வந்து தவிலில் ஒரு பங்கை வலது காதுக்கும் கசியவிட்டான். அடுப்படியில் ஒரு பங்கை இடதுக்கும் கொடுத்தான். பின்னால் இருந்த இரண்டு மைக்கையும் கொஞ்சம் தாழ்த்தி, கீச்சென்ற கூர்மையைத் திருகிக் குறைத்தான். முத்தாயி கண்ணை மூடிக் கேட்டாள். அவள் முகம் மெல்ல இளகியது. வலது கை பின்னால் போய்க் காற்றில் எதையோ தொடப்போவதுபோல நின்றது.

“அண்டா இங்க. நாயனம் அங்க, எட்டத்துல. வாசலு பின்னால. மாமா, நான் மண்டபத்துல நிக்கிறேன்!” கண்ணைத் திறந்தவள் சொன்னாள், “அக்கா நிக்கிற எடம்தானே இது? அதே தூணுதான்.”

அதே தூண்தான். அடுப்படிக் கதவுக்குப் பக்கத்தில், எல்லாக் கல்யாணத்திலும் பஞ்சாலை போய் நிற்கும் தூண். அவளை மனதில் வைத்துத்தானே அவன் அளவுகளை அமைத்தான்? அவள் அங்கே நிற்பாள் என்பதில் அவனுக்கோ முத்தாயிக்கோ ஒரு சந்தேகமும் எழவில்லை. அதை நினைத்துப் பார்க்க நின்றதாகக்கூட அவர்களுக்கு ஞாபகம் இல்லை.

ஆஸ்பத்திரியில் பார்வை நேரம். மின்விசிறி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டிலில் ஒரு மலாய்க்காரப் பாட்டி ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாள். மாயாண்டி சின்ன டேப் ரெக்கார்டரைப் பஞ்சாலையின் மார்மேல் வைத்து, ஹெட்போனை அவள் காதில் மாட்டி, பொத்தானை அமுக்கினான்.

அவள் கண்ணை மூடினாள். உதடு விரிந்தது. “நாயனம்” என்றாள், இடதுபக்கம் விரலை நீட்டி. “கிராணி இருமுறாரு. இன்னும் வைத்தியம் பாக்கலையா அந்த ஆளு?” மாயாண்டி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்திருந்தான். இவ்வளவு சந்தோஷம் அவனுக்கு எந்தக் கல்யாணத்திலும் வந்ததில்லை. பிறகு அவள் தலை லேசாக வலதுபக்கம் திரும்பியது. அண்டாவில் கரண்டி உரசியிருக்கவேண்டும். கண்ணைத் திறந்தாள்.

“இது அடுப்படித் தூணுல்ல?”

“கரெக்டா சொல்லிட்டீங்க அக்கா! அதேதான்!” அவன் கிட்டத்தட்டக் கத்தினான்.

“அங்க எதுக்குத் தம்பி என்னை நிக்க வச்ச?”

“அங்கதானே அக்கா எப்பவும் நிப்பீங்க?”

அவள் ஹெட்போனைக் கழற்றி வயிற்றின்மேல் வைத்தாள். கோபமாகச் சொல்லியிருந்தால் அவன் தாங்கியிருப்பான். அவள் சாதாரணமாகச் சொன்னாள்.

“அவரு போனதுல இருந்து அங்கதான் நிக்கிறேன். யாரும் என்னைப் போவச் சொல்லல. சொல்லிடுவாங்களோன்னு பயந்து நானாப் போயி நின்னேன். நல்ல காரியம் நடக்குற எடத்துல தாலி அறுத்தவ முன்னால நிக்கக்கூடாதுன்னு சொல்லுவாங்கல்ல. சரி, அது நாலு பேரு பாக்குற எடம். இது என் காதுக்குள்ள நடக்குற கல்யாணம். இங்க என்னை யாரு பாக்கப் போறா? காலு ஒடஞ்சி கெடக்குறவள, இங்கயும் யாருக்குப் பயந்து தம்பி தூணுக்குப் பின்னால நிறுத்துன?”

மாயாண்டி கேசட்டை வெளியே எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பஸ் சிரம்பானைத் தாண்டி ரப்பர் காடுகளுக்குள் இறங்கியபோது அவனுக்கு வெட்கமாக இருந்தது. கோயில் கமிட்டியைத் திட்டியிருக்கிறான், கட்டுப்பாடு பேசுகிறவர்களைக் கேலி செய்திருக்கிறான், தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று இருந்திருக்கிறான். எங்கே வேண்டுமானாலும் ஒரு ஆளைக் கொண்டுபோய் வைக்கக்கூடிய மெஷினை வைத்துக்கொண்டு, அவளைக் கொண்டுபோய்ப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறான்.

முத்தாயி முழுவதையும் கேட்டாள். எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவள் அன்று சிரிக்கவில்லை. “நானும்தானே சரியா இருக்குன்னு சொன்னேன்” என்றாள் கடைசியில். “எந்திரிங்க. மண்டபத்துக்குப் போவோம்.”

சாயங்கால வெயிலில் மண்டபம் காலியாகக் கிடந்தது. மாயாண்டி மேடையில் ஏறினான். மணப்பெண்ணுக்குப் பின்னால், தாய் நிற்கிற இடத்தில் போய் நின்றான். அவன் வாழ்நாளில் அந்த இடத்தில் நின்றதில்லை; தன் கல்யாணத்தில்கூட முன்னால்தான் உட்கார்ந்திருந்தான், அதுவும் கழுத்தைத் திருப்பிக்கொண்டு. அங்கிருந்து பார்த்தால் மண்டபம் வேறு மண்டபமாக இருந்தது. எல்லா முகமும் இந்தப் பக்கம் பார்த்திருக்கும். அவன் கண்ணை மூடினான். முத்தாயி அடுப்படிக் கதவருகே போய் ஒரு தகரத்தைத் தட்டினாள். வாசலில் சிலிப்பரை இழுத்து நடந்தாள். பிறகு மேடைக்கு வந்து அவனுக்கு முன்னால், கொஞ்சம் வலப்பக்கமாக, பெண் உட்காருவதுபோல உட்கார்ந்து வளையலை அசைத்தாள். அந்த மெல்லிய சத்தம் மற்ற எல்லாவற்றையும்விடக் கிட்டத்தில், கையெட்டும் தூரத்தில் கேட்டது. தகரமும் சிலிப்பரும் வெகு தூரத்தில் யாருடைய கல்யாணத்திலோ நடப்பதுபோல இருந்தன. வெளியே குயில் ஒன்று விட்டுவிட்டுக் கூவியது. 

ஆனால் வீட்டுக்கு வந்து அதை ஹெட்போனில் கொண்டுவருவது லேசாக இல்லை. முன் மைக்குகளைத் தூக்கினான். “இப்ப நான் தவுலுக்குள்ள உக்காந்திருக்கேன்” என்றாள் முத்தாயி, காதைப் பொத்திக்கொண்டு. தவிலைக் குறைத்து மணவறை மைக்கை மட்டும் தூக்கினான். ஐயர் அவள் தோளில் ஏறி உட்கார்ந்து மந்திரம் சொல்வதாகச் சொன்னாள். அடுப்படியையும் வாசலையும் அடியோடு நிறுத்திப் பார்த்தான். மண்டபமே காணாமல்போய், நாயனம் ஒரு பெட்டிக்குள் வாசித்தது.

அப்புறம்தான் பிடிபட்டது. சத்தத்தைத் தூக்கத் தூக்கக் காது கூசியதே தவிர ஆள் முன்னால் நகரவில்லை. மணவறையை அது இருந்த அளவிலேயே விட்டுவிட்டு, மற்ற மூன்றையும் இடம் வலம் மாற்றிப்போட்டு மெல்ல மெல்லக் கீழே இழுத்தான். அடுப்படியும் வாசலும் இருக்கிறதா இல்லையா என்கிற அளவில், எட்டத்தில் ஒரு மூச்சுக்காற்றாக நின்றன. மணவறையை நடுவிலிருந்து கொஞ்சமே கொஞ்சம் வலப்பக்கம் திருகினான். பொத்தானை ஒவ்வொரு மயிரிழையாகத் தள்ளும்போதும் பஞ்சாலை தூணை விட்டு ஓரடி எடுத்து வைப்பதாகவே அவனுக்குத் தோன்றியது. நாற்காலிகளைத் தாண்டி, கிராணியைத் தாண்டி, படியேறி மேடைக்கு. மணவறைப் பக்கம் சரசரவென்று ஏதோ கேட்டது. பட்டுச்சேலை உரசுகிறது என்று நினைத்துக்கொண்டான். அவன் வார்த்தைகளைக் கேட்கிறவன் அல்ல, அளவைக் கேட்கிறவன்.

முத்தாயி ஹெட்போனை மாட்டினாள்.  கையை முன்னால் நீட்டி, காற்றில் ஒரு தோளைத் தொட்டாள். பிறகு ஹெட்போனைக் கழற்றி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “போயிக் குடுங்க” என்றாள்.

மறுபடியும் ஆஸ்பத்திரி, மறுபடியும் பார்வை நேரம். பஞ்சாலை தலையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள், அவ்வளவுதான். மாயாண்டி ஹெட்போனை மாட்டிவிட்டான். இந்தத் தடவை அவள் விரலை நீட்டி எதையும் காட்டவில்லை. கண்ணை மூடிக் கிடந்தாள். எடை தொங்கும் கயிறு மட்டும் லேசாக ஆடியது. அவள் மூச்சு மாறியதை அவன் பார்த்தான். பிடிக்கவில்லையோ என்று பயந்தான்.

பஞ்சாலை தலையை வலதுபக்கம் சாய்த்தாள், கொஞ்சம் கீழ்நோக்கி, உட்கார்ந்திருக்கிறவளிடம் நின்றுகொண்டு பேசுவதுபோல.

“சாப்புட்டேம்மா” என்றாள். வார்டுக்கே கேட்டது. “கஞ்சியும் முட்டையும் குடுத்தாங்க. நீ என்னைப் பத்தி நெனைக்காத. ஐயரு சொல்றதக் கேளு.”

மலாய்க்காரப் பாட்டி திரும்பிப் பார்த்தாள். மாயாண்டிக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. அந்தச் சரசரப்பு பட்டுச்சேலை இல்லை. மணவறையில் உட்கார்ந்திருந்த பரமேஸ்வரி, தாரை வார்க்க நின்ற அத்தையிடம் குரலைத் தாழ்த்தி, அம்மாவுக்கு இந்நேரம் சாப்பாடு கொடுத்திருப்பார்களா என்று கேட்டிருக்கிறாள். தூணுக்குப் பின்னால் நிற்கிறவளுக்கு அது ஒருநாளும் கேட்டிருக்காது. மாயாண்டி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் அழுதான், அதை மறைக்கவேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

மணி அடித்தது. பார்வை நேரம் முடிந்துவிட்டது. வெள்ளைச் சட்டை போட்ட தமிழ் நர்ஸ் மிஸ்ஸி கட்டில் கட்டிலாக வந்து, எல்லாரையும் புறப்படச் சொல்லிக்கொண்டே பஞ்சாலையிடம் வந்தாள். “அக்கா, டைம் ஆச்சு. அதைக் கழட்டுங்க.”

பஞ்சாலை கண்ணைத் திறக்கவில்லை. ஒரு கையை மட்டும் உயர்த்தி மிஸ்ஸியை நிறுத்தினாள்.

“செத்த இரும்மா. இன்னும் தாலி கட்டல.”